எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்காதீர்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். சமூக ஊடகமும் கல்லூரி மாணவிகளின் மனநலமும் என்பது உங்கள் ஆய்வேட்டின் தலைப்பு. 200 மாணவிகளிடம் சமூக ஊடகப் பயன்பாட்டுக்கு ஒன்று, மனச்சோர்வுக்கு ஒன்று என்று இரண்டு அளவுகோல்களைக் கொடுத்து நிரப்பி வாங்கி, இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டால் போதும் என்கிறார் நெறியாளர். பெண்ணியப் பார்வையும் வேண்டுமே என்று நீங்கள் கேட்டதற்கு, "அது கருத்து, இது ஆய்வு, இரண்டையும் போட்டுக் குழப்பாதே" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரியா என்று கேட்கிறீர்கள்.

சரியில்லை. அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது, நானும் அப்படிப் பயிற்றுவிக்கப்பட்டவள்தான். பெண்கள் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். இந்த வகை ஆய்வேடுகள் எத்தனையோ என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. ஏறக்குறைய எல்லாவற்றின் கடைசி அத்தியாயமும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும்: மாணவிகள் சமூக ஊடகப் பயன்பாட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்த வாக்கியம் நூலக அலமாரியில் தூசி படிந்து கிடந்தால் கவலையில்லை. அது விடுதிக் காப்பாளரின் காதுக்குப் போகிறது. இரவு ஒன்பது மணிக்குச் செல்போனைக் கூடையில் போட்டு ஒப்படைக்க வேண்டும் என்ற விதியாகிறது. அந்தக் கூடை ஆண்கள் விடுதிக்குப் போய் நான் பார்த்ததில்லை.

முதலில் சமூக ஊடகத்துக்கான அந்த அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் உருவான சமூக ஊடக அடிமைத்தன அளவுகோலைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். ஆறே கேள்விகள். எந்நேரமும் அதைப் பற்றியே நினைக்கிறீர்களா, பார்க்க வேண்டும் என்ற உந்துதல் கூடிக்கொண்டே போகிறதா, கவலையை மறக்க அதை நாடுகிறீர்களா, குறைக்க முயன்று தோற்றீர்களா, பார்க்க முடியாதபோது தவிக்கிறீர்களா, படிப்பையோ வேலையையோ அது கெடுத்ததா. கேள்விகளில் குறையில்லை. உலகெங்கும் சோதிக்கப்பட்டவை.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு மாணவி வந்தாள். கணிதம், இரண்டாம் ஆண்டு. பேசிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரத்தில் மடியில் இருந்த செல்போனைப் பன்னிரண்டு முறையாவது திருப்பிப் பார்த்திருப்பாள். பார்ப்பாள், கவிழ்த்து வைப்பாள், துப்பட்டா நுனியால் திரையைத் துடைப்பாள், மறுபடி பார்ப்பாள். மேலே சொன்ன ஆறு கேள்விகளையும் அன்று அவளிடம் கேட்டிருந்தால் ஐந்திலாவது உச்ச மதிப்பெண் வாங்கியிருப்பாள். அடிமைத்தனம் என்று எழுதி முடித்திருக்கலாம். மூன்றாவது முறை வந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னாள். அவள் பெயரில், அவள் படத்தை வைத்து, யாரோ ஒரு போலிக் கணக்கைத் தொடங்கியிருந்தான். அந்தக் கணக்கு அவள் வகுப்பில் உள்ளவர்களுக்கும் ஒன்றுவிட்ட அண்ணனுக்கும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அடுத்து என்ன எழுதப்போகிறான், யாருக்கு அனுப்பப்போகிறான் என்று தெரியாமல் அரை மணிக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை. தேர்வில் இரண்டு தாள் போயிற்று.

வீட்டு வாசலில் திருடன் நிற்கிறான் என்று தெரிந்தவள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சன்னலைத் திறந்து பார்ப்பதைச் சன்னல் போதை என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் 200 பேரில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த ஆறு கேள்விகளும் சொல்லாது. கணக்கு மட்டும் சரியாக வரும். அடிமைத்தனம் கூடினால் மனச்சோர்வும் கூடுகிறது என்று அட்டவணை போட்டுவிடுவீர்கள்.

'கருத்து வேறு, ஆய்வு வேறு' என்ற இடத்துக்கு இப்போது வருகிறேன். 1970இல் அமெரிக்காவில் ப்ரோவர்மன் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 79 மனநல வல்லுநர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். சிலரிடம் மனநலம் மிக்க ஆண் எப்படி இருப்பான் என்றும், சிலரிடம் மனநலம் மிக்க பெண் எப்படி இருப்பாள் என்றும், மற்றவர்களிடம் ஆண் பெண் என்று குறிப்பிடாமல் மனநலம் மிக்க வயது வந்தவர் எப்படி இருப்பார் என்றும் கேட்டார்கள். வயது வந்தவருக்குச் சொன்ன இலக்கணமும் ஆணுக்குச் சொன்ன இலக்கணமும் ஒத்துப்போயின. பெண்ணுக்குச் சொன்னது வேறாக இருந்தது: எளிதில் வசப்படுபவள், சட்டென்று புண்படுபவள், துணிச்சல் குறைந்தவள். அதாவது நல்ல பெண்ணாக இருந்தால் நலமான மனிதராக இருக்க முடியாது, நலமான மனிதராக இருந்தால் நல்ல பெண்ணாக இருக்க முடியாது. பதில் சொன்னவர்களில் 33 பேர் பெண்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுநிலை என்று நம்பிக் கையில் எடுத்த அளவுகோலில் ஏற்கெனவே ஒரு கருத்து உட்கார்ந்திருந்தது. அதைக் காட்டிக் கொடுத்தது பெண்ணியம் எழுப்பிய கேள்வி, அதை நிரூபித்தது எண்களை வைத்துச் செய்த ஆய்வு. நம் நாட்டில் இந்த வேலையை வாழ்நாள் முழுவதும் செய்தவர் பார்கவி தாவர். மனநலக் காப்பகங்களில் அடைபட்ட தன் தாயின் பெயரில் புனேயில் பாப்பு அறக்கட்டளையைத் தொடங்கினார், 2024இல் காலமானார். உங்கள் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் அவருக்கு இடம் கொடுங்கள்.

இன்னொன்றையும் உங்கள் நெறியாளரிடம் நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். இன்ஸ்டாகிராமும் பெண்களின் உடல் பற்றிய தாழ்வுணர்வும் என்று இன்று ஆய்வு செய்பவர்களில் பலர் கையாளும் அடிப்படைக் கருத்தே பெண்ணிய உளவியலிலிருந்து வந்ததுதான். 1997இல் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் டோமி ஆன் ராபர்ட்ஸும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். பிறர் தன்னைப் பார்வைப் பொருளாகப் பார்ப்பதையே கேட்டும் கண்டும் வளரும் பெண், ஒரு கட்டத்தில் தன்னைத் தானே அப்படிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறாள் என்பது அதன் சாரம். மறு ஆண்டு அதைச் சோதித்தார்கள். கண்ணாடி உள்ள ஓர் அறையில் மாணவர்கள் தனித்தனியே நீச்சலுடையையோ ஸ்வெட்டரையோ அணிந்துகொண்டு ஒரு கணிதத் தேர்வு எழுத வேண்டும். அறையில் வேறு யாரும் இல்லை. நீச்சலுடை அணிந்த பெண்கள், ஸ்வெட்டர் அணிந்த பெண்களைவிடக் குறைவாக மதிப்பெண் பெற்றார்கள். ஆண்களிடம் அந்தச் சரிவு இல்லை. யாருமே பார்க்காதபோதும் பார்க்கப்படுவதாக மனத்தின் ஒரு பகுதி காவல் காத்துக்கொண்டிருந்தால், கணக்குக்கு மிச்சமிருப்பது குறைவுதானே. அந்தக் கட்டுரையை எழுதிய ஐவரில் ஒருவர் ஜீன் ட்வெங்கி. ஸ்மார்ட்போன் வந்தபின் பதின்வயதினரின் மனநலம் சரிந்தது என்று பின்னாளில் உலகம் முழுவதும் பேசவைத்தவரும் இவரே. இன்றைய விவாதத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தத் துறையில் நடக்கும் பெரிய சண்டை மணிக்கணக்கைப் பற்றியது. அதையும் நீங்கள் தெரிந்துகொண்டாக வேண்டும். 2019இல் ஏமி ஆர்பெனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் அமெரிக்கா, பிரிட்டன் தரவுகளிலிருந்து 3,55,358 பதின்வயதினரின் விடைகளை எடுத்து, கணக்கிடக்கூடிய வழிகளிலெல்லாம் கணக்கிட்டுப் பார்த்தார்கள். இளையோரின் மனநல வேறுபாட்டில் தொழில்நுட்பப் பயன்பாடு விளக்கக்கூடிய பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருந்தது. அப்படியானால் கெடுதலே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. அதே ஆர்பென் 2022இல் பிரிட்டன் தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, பெண் குழந்தைகளுக்கு 11 முதல் 13 வயதிலும் ஆண் குழந்தைகளுக்கு 14, 15 வயதிலும் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது. இரு பாலருக்கும் 19 வயதை ஒட்டி மறுபடியும் தெரிந்தது. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வு, 2004க்குப் பிறகு ஃபேஸ்புக் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்த தேதிகளை வைத்துக்கொண்டு, அது நுழைந்த கல்லூரிகளில் மாணவர்களின் மனநலம் சரிந்ததைக் காட்டியது. தன்னை மற்றவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அதற்கான முக்கிய வழி என்றார்கள்.

ஃபேஸ்புக்குக்கு முன்னோடி ஒன்று இருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 2003இல் ஹார்வர்டில், மாணவர்களின் படங்களை அவர்கள் அனுமதியில்லாமல் எடுத்து, இரண்டிரண்டாக வைத்து, யார் கவர்ச்சி என்று வாக்களிக்கச் சொன்ன பக்கம் அது. எதிர்ப்புக் கிளப்பியவர்களில் முன்னணியில் நின்றது ஹார்வர்டின் கறுப்பினப் பெண்கள் சங்கம். சில நாட்களில் பக்கம் மூடப்பட்டது. இருபது வயதுப் பெண்கள் அன்றே கண்டுகொண்டதை அளந்து சொல்ல ஆய்வுலகம் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்று யோசித்துப் பாருங்கள்.

மணிக்கணக்கு ஏன் மோசமான அளவுகோல்? ஒன்று, தான் எவ்வளவு நேரம் பார்க்கிறேன் என்று ஒருவர் சொல்வதும் செல்போன் பதிவு செய்துவைத்திருப்பதும் பெரிதாக ஒத்துப்போவதில்லை. அதைவிட முக்கியமானது, இரண்டு மணி நேரம் என்ற ஒரே எண்ணுக்குள் தோழியோடு சிரித்ததும் இருக்கும், தெரியாத ஒருவன் அனுப்பிய ஆபாசப் படமும் இருக்கும். கேள்வியை மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதற்கு மெட்டா நிறுவனத்துக்குள்ளேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

2021இல் அதன் முன்னாள் ஊழியர் ஃபிரான்சிஸ் ஹௌகன் வெளிக்கொண்டுவந்த உள் ஆவணங்களில் ஒரு வரி உலகம் முழுவதும் பரவியது: தங்கள் உடலைப் பற்றி மோசமாக உணரும்போது இன்ஸ்டாகிராம் அதை மேலும் மோசமாக்குவதாக 32 சதவீதப் பதின்வயதுப் பெண்கள் சொன்னார்கள். ஏற்கெனவே அந்தக் குறை இருந்தவர்களிடம் மட்டும் கேட்ட கேள்வி அது என்று நிறுவனம் மறுப்புச் சொன்னது. ஆய்வு முறை என்று பார்த்தால் அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது, உங்கள் ஆய்வேட்டில் அதையும் எழுதுங்கள். ஆனால் அதற்கு ஈராண்டு கழித்து வந்ததுதான் எனக்கு முக்கியம். அதே நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆர்ட்டுரோ பெஹார் 2023 நவம்பரில் அமெரிக்க செனட் குழு முன் சாட்சி சொன்னார். தன் பதின்வயது மகளுக்கு இன்ஸ்டாகிராமில் தேவையற்ற பாலியல் அழைப்புகள் வந்ததைக் கேட்டபிறகுதான் அவர் இதில் இறங்கினார். அவர் குழு பயனர்களிடம் மணிக்கணக்கைக் கேட்கவில்லை. கடந்த ஏழு நாட்களில் உங்களுக்கு இது நடந்ததா என்று நடந்த நிகழ்வைக் கேட்டது. 13 முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்களில் எட்டில் ஒருவர், அந்த ஒரே வாரத்தில் தனக்கு வேண்டாத பாலியல் அழைப்பு வந்ததாகச் சொன்னார்.

ஒரு வாரத்தில் எட்டில் ஒருவர். இதையே ஒரு பேருந்தில் நடந்ததாக எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண் எவ்வளவு நேரம் பேருந்தில் பயணம் செய்தாள் என்று கேட்போமா?

நாம் அப்படித்தான் கேட்கிறோம். 2019இல் பொள்ளாச்சிக் கொடுமை வெளியே வந்தது. முகநூலில் பழகிப் பெண்களை வரவழைத்து, வன்கொடுமை செய்து, படமெடுத்து மிரட்டிய கூட்டம். 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பு வர ஆறு ஆண்டுகள். ஆனால் செய்தி வந்த அதே வாரத்தில் என் மாணவிகளில் நான்கு பேருக்கு வீட்டில் செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். இந்த நால்வரும் செய்த குற்றம் என்ன? 2016இல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி முகநூலில் போட்டார்கள். குடும்பம் காவல்துறையிடம் போயிற்று, படங்கள் நிற்கவில்லை. அந்தப் பெண்ணை நாம் இழந்தோம். தான் எதுவும் செய்யவில்லை, அதைத் தன்னைப் பெற்றவர்களே நம்பவில்லை என்ற வேதனையை எழுதிவைத்துவிட்டுப் போனார். படத்தைப் போட்டவனின் கொடுமை ஒரு பங்கு. நம்பாமல் போன வீடும் தாமதித்த அமைப்பும் இன்னொரு பங்கு. 'சமூக ஊடகத்தால் மனச்சோர்வு' என்று ஒரே வரியில் எழுதும்போது இந்த இரண்டாவது பங்கு காணாமல் போய்விடுகிறது.

தெற்காசியாவுக்கென்று செய்த ஆய்வுகளில் நீங்கள் தவறவிடக் கூடாதவை நித்யா சாம்பசிவனும் உடன் பணியாற்றியவர்களும் 2018, 2019இல் வெளியிட்டவை. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தில் 199 பேரிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். இணையவழித் துன்புறுத்தலை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் 72 சதவீதம். எனக்கு அதைவிடப் பயன்பட்டது, செல்போன் இங்கே தனிமனிதச் சொத்தே இல்லை என்று அவர்கள் காட்டியதுதான். கணவர் எடுப்பார், மாமியார் எடுப்பார், பிள்ளை விளையாடும். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதனால் பெண்கள் ஒவ்வொரு செயலியாகப் பூட்டுகிறார்கள், சில செய்திகளை மட்டும் தேடி அழிக்கிறார்கள், கேட்டால் கொடுத்துவிடும் நல்ல பெண்ணாகவும் இருக்கிறார்கள். அந்தரங்கம் எனக்கானது இல்லை, அது பணக்காரப் பெண்களுக்கானது என்று ஒருவர் சொன்னதையே ஆய்வுக்குத் தலைப்பாக வைத்தார்கள்.

இது நம் வீடுகளில் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆய்வேகூட வேண்டாம். உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பெண்களின் முகப்புப் படங்களைப் பாருங்கள். ரோஜாப்பூ, அக்காவின் குழந்தை, சமயபுரத்து அம்மன், கடலைப் பார்த்து நிற்கும் பின்தலை. ஆண்களின் படத்தில் முகம் இருக்கும், பெரும்பாலும் கூலிங்கிளாசும் இருக்கும். தன் முகத்தைத் தன் கணக்கில் வைக்க ஒரு பெண் எத்தனை பேரைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறாள் என்பதை எந்த அளவுகோல் அளக்கிறது? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை எப்போதாவது பயன்படுத்திய இந்தியப் பெண்கள் மூன்றில் ஒரு பங்குதான். ஆண்களில் அது பாதிக்கு மேல். 'அளவுக்கு மீறிய பயன்பாடு' என்ற கவலையை அமெரிக்காவிலிருந்து அப்படியே இறக்குமதி செய்வதற்கு முன் இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் என் அறைக்கு வந்த பல பெண்களுக்குத் துரோகம் செய்தவளாவேன். 2018 அக்டோபரில் இந்தியாவில் மீ டூ அலை எழுந்தபோது, மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி செல்போனில் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டைத் திறந்து மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினாள். யாரோ முன்பின் தெரியாத பெண் தமிழில் எழுதியிருந்த பத்துப் பன்னிரண்டு வரிகள். "இது எனக்கு நடந்தது மேடம், ஏழாம் வகுப்பில்" என்றாள். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அவள் அதற்கு ஒரு சொல்லைக் கண்டுபிடிக்காமல் இருந்திருக்கிறாள். என் பட்டமோ என் அறையின் குளிர்சாதனமோ அவளைப் பேசவைக்கவில்லை, அந்தப் பத்து வரிகள் பேசவைத்தன. அறுபதுகளின் இறுதியில் அமெரிக்கப் பெண்கள் ஒருவர் வீட்டுக் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, எனக்கும் இது நடந்தது, எனக்கும் இது நடந்தது என்று சொல்லிச் சொல்லித்தான் தனி மனக்குறை என்று நினைத்ததைப் பொதுப் பிரச்சினையாகக் கண்டுகொண்டார்கள். அந்தக் கூடம் இன்று நம் பெண்களுக்குச் செல்போனுக்குள் இருக்கிறது. அதைக் கூடையில் போட்டு வாங்கிக்கொண்டால் அந்தக் கூடத்தையும் பூட்டுகிறோம்.

பேசியதற்குக் கொடுக்கும் விலையும் உண்மைதான். பத்திரிகையாளர் பிரியா ரமணி அவதூறு வழக்கைச் சந்தித்து, 2021 பிப்ரவரியில்தான் விடுதலையானார். பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும் தான் விரும்பும் எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்று தில்லி நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் சொன்னது. அதுவரை ஒரு பெண் நீதிமன்றப் படியேறிய நாட்களையும் தூங்காத இரவுகளையும் எந்த ஆய்வும் கணக்கெடுக்கவில்லை. எல்லாப் பெண்களுக்கும் இந்த விலை ஒன்றல்ல. 2019 நாடாளுமன்றத் தேர்தலின்போது 95 இந்தியப் பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு வந்த ட்வீட்டுகளை மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி ஆராய்ந்தது. ஏறக்குறைய ஏழில் ஒன்று வசையாகவோ இழிவாகவோ இருந்தது. முஸ்லிம் பெண்களுக்கு வந்த மத, இன வசை மற்றப் பெண்களுக்கு வந்ததைவிட 94 சதவீதம் அதிகம். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்குச் சாதி வசை 59 சதவீதம் அதிகம். 'மாணவிகள்' என்று ஒரே நெடுவரிசையில் 200 பேரையும் அடுக்கும்போது இந்த வேறுபாடும் அழிந்துவிடும். பெண்ணியம் என்று நாம் சொல்வதுகூட யாருடைய அனுபவத்தைப் பெண் அனுபவம் என்று எடுத்துக்கொள்கிறது என்ற கேள்வியைத் தலித் பெண்கள் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை உங்கள் கேள்வித்தாளும் தாங்க வேண்டும்.

மனநலச் செயலிகளைப் பற்றியும் ஓர் அத்தியாயம் எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். 2016இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. ஆப்பிளின் 'சிரி' போன்ற நான்கு செல்போன் குரல் உதவியாளர்களிடம் ஒரே வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தார்கள். தற்கொலை எண்ணம் பற்றிச் சொன்னதும் சிரி உதவி எண்ணைக் கொடுத்தது. "நான் பாலியல் வன்முறைக்கு உள்ளானேன்" என்றபோது, நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை என்றது. கணவன் அடிப்பதாகச் சொன்னதும் எந்த உதவியாளருக்கும் விளங்கவில்லை. செய்தி வெளியானதும் சிரியைத் திருத்தினார்கள், பெரிய நேரம் பிடிக்கவில்லை. அதுவரை செய்யாததற்குக் காரணம், எந்தெந்த ஆபத்துகள் வரும் என்று பட்டியலிட்ட மேசையில் இந்த ஆபத்து யாருக்கும் தோன்றாததுதான். 2018இல் பிபிசி, மனநல உரையாடல் செயலியான வோபாட்டில் பன்னிரண்டு வயதுக் குழந்தையாக எழுதிப் பார்த்தது. தான் பாலுறவுக்குக் கட்டாயப்படுத்தப்படுவதாக எழுதியதற்கு, வருந்துகிறேன், ஆனால் உறவுகள்மேல் உங்களுக்கு எவ்வளவு அக்கறை என்பதை இது காட்டுகிறது, அது அழகானது என்ற பொருளில் பதில் வந்தது. மனச்சோர்வைக் குறைக்கும் என்று ஒழுங்கான சோதனையில் தேறிய செயலி அது, 70 பேரை வைத்து இரண்டு வாரம் நடத்திய சோதனை. வன்முறைக்கு நடுவில் வாழ்பவளுக்கு அது என்ன சொல்லும் என்பது அந்தச் சோதனையின் கேள்வியாக இருக்கவில்லை.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். என்னிடம் வரும் பெண்கள், குறிப்பாக மாணவிகளின் அம்மாக்கள், சோகமாக இருக்கிறேன் என்று சொல்வதில்லை. நெஞ்சு கனக்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது, தலைக்குள் ஏதோ ஓடுகிறது என்பார்கள். நேரம் கழித்துத்தான் "அவர் குடித்துவிட்டு வரும் நாளில் மட்டும்" என்று சேர்ப்பார்கள். இதைச் செயலியில் தட்டச்சு செய்தால் இதய மருத்துவரைப் பார்க்கச் சொல்லும். போதாக்குறைக்கு, எழுதியது எங்கே போகிறது என்ற கவலை. இணையவழி ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப், வாடிக்கையாளர்களின் மனநல விவரங்களை ஃபேஸ்புக் உள்ளிட்ட விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்ததற்காக 2023இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. செல்போனைக் கணவரோடு பகிரும் பெண்ணுக்கு விளம்பர நிறுவனம் இரண்டாவது பயம்தான், முதல் பயம் பக்கத்தில் படுத்திருக்கிறது.

உங்கள் ஆய்வுக்கு வருகிறேன். நெறியாளரோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு அளவுகோல்களையும் வைத்துக்கொள்ளுங்கள், அவற்றோடு ஒரு பக்கத்தைச் சேர்க்க அனுமதி கேளுங்கள். அந்தப் பக்கத்தில் நடந்தவற்றைக் கேளுங்கள்: கடந்த ஒரு மாதத்தில் தெரியாதவர் ஆபாசச் செய்தி அனுப்பினாரா, உங்கள் படத்தை யாராவது அனுமதியின்றிப் பயன்படுத்தினார்களா, உங்கள் பெயரில் போலிக் கணக்கு உண்டா, பாஸ்வேர்டு வேறு யாருக்குத் தெரியும், ரீசார்ஜ் யார் செய்கிறார்கள், கடைசியாக ஒரு தொல்லை வந்தபோது வீட்டில் சொன்னீர்களா, சொன்னபின் செல்போன் யாரிடம் இருந்தது. ஆறுதலாக இருந்த ஒன்றையும் அவசியம் கேளுங்கள். பிறகு இருநூறில் பதினைந்து பேரோடு உட்கார்ந்து பேசுங்கள். எண்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

கேள்வித்தாளைக் கூகுள் படிவமாக அனுப்பாதீர்கள். அது வீட்டில் நான்கு பேர் எடுக்கும் செல்போனில் திறக்கும். கல்லூரியில் காகிதத்தில் கொடுங்கள், பெயர் எழுதச் சொல்லாதீர்கள், ஆளுக்கு ஒரு பெஞ்சு விட்டு உட்காரவையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில் எனக்குச் சமரசமே கிடையாது. மனச்சோர்வுக்கு நீங்கள் கொடுக்கப்போகும் அளவுகோலின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ கடந்த இரண்டு வாரத்தில் தோன்றியதா என்பது. 200 பேரிடம் கேட்டால் சிலராவது ஆம் என்று குறிப்பார்கள். நான் பார்த்த பல ஆய்வேடுகளில் அந்த விடை கணினியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பதிவாகி முடிந்திருக்கிறது. குறித்த பெண் மணி அடித்ததும் எழுந்து அடுத்த வகுப்புக்குப் போயிருக்கிறாள். பெயர் கேட்காமல் தாள் வாங்குவதால், விநியோகிக்கும் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த அறைக்கு வெளியே ஓர் ஆலோசகர் மாலை வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் கிழித்து எடுத்துக்கொள்ளும்படி ஒரு துண்டுச் சீட்டு இருக்க வேண்டும்: மனநலத்துக்கு 14416, பெண்கள் உதவிக்கு 181, இணையக் குற்றத்துக்கு 1930. சீட்டைச் சிறியதாக அச்சடியுங்கள், செல்போன் உறைக்குள் மடித்து வைக்கும் அளவுக்கு.

அந்தக் கணித மாணவி இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. போலிக் கணக்கை நீக்க எங்களுக்குப் பதினொரு வாரம் ஆயிற்று. ஸ்க்ரீன்ஷாட்டுகளைத் தேதிவாரியாக அச்செடுத்து ஒரு கோப்பில் போட்டு, புகார் கொடுக்க அவளோடு நானும் அவள் அம்மாவும் போனோம். அவள் செல்போனை அந்தப் பதினொரு வாரமும் யாரும் வாங்கி வைக்கவில்லை. அம்மா அதில் பிடிவாதமாக இருந்தார்.